நாலாவது போட்டோ

வசந்தாமணி தன்னுடைய போட்டோவுக்குப் பூப்போட வரிசையில் நின்றுகொண்டிருந்தாள். அது அவளுக்குத் தெரியாது. உள்ளங்கையில் கொஞ்சம் சாமந்தி இதழ்களை வைத்துக்கொண்டு, முன்னால் நின்றவர்களின் தோளுக்கு மேலே எட்டிப் பார்ப்பதும் பக்கத்தில் இருப்பவர்களைப் பார்த்துச் சிரிப்பதுமாக இருந்தாள். யாரும் சரியாகத் திருப்பிச் சிரிக்கவில்லை. இருபத்தெட்டு வருஷம் கழித்துக் கூடியிருக்கிறோம், பாதிப்பேருக்குத் தலையில் முடியில்லை, மீதிப்பேருக்கு வயிறு வேறு ஆளுடையது. காலையிலிருந்து ஒருவர் நெஞ்சில் குத்தியிருக்கும் பெயர்ச்சீட்டை இன்னொருவர் குனிந்து படித்துவிட்டுத்தான் "அட, நீயாடா!" என்று கத்திக்கொண்டிருந்தோம். அவள் நெஞ்சில் பெயர்ச்சீட்டு இல்லை. செத்துப்போனவர்களுக்கு நான் பெயர்ச்சீட்டு அடிக்கவில்லை.

நான் அங்கமுத்து. நாமகிரிப்பேட்டையில் பிளக்ஸ் கடை வைத்திருக்கிறேன். காதுகுத்து, சீர், கெடாவெட்டு, கருமாதி, எது நடந்தாலும் நாலு ஊர் மூஞ்சிகளை வெட்டி ஒட்டிக் கொடுக்கிறவன் நான்தான். தொண்ணூத்தேழில் பிளஸ் டூ முடித்த எங்கள் செட்டு ஒரு மண்டபம் பிடித்துக் கூடலாம் என்று வாட்ஸப்பில் முடிவானதும் அச்சு வேலை எல்லாம் என் தலையில்தான் விழுந்தது. கூட்டத்தை ஏற்பாடு செய்தவன் மாதேஷ். பள்ளிக்கூடத்தில் பிராக்டிகல் நோட்டை என்னிடம் வாங்கி எழுதியவன், இன்றைக்கு மரவள்ளிக் கிழங்கில் ஜவ்வரிசி செய்யும் சேகோ ஆலைக்கு முதலாளி. "மறைஞ்ச நம்ம பிரண்டுகளுக்குத் தனியா ஒரு பிளக்ஸ் அடிச்சுரு அங்கமுத்து. வந்ததும் எல்லாரும் பூப்போட்டுட்டு உள்ள போவட்டும்" என்றான். குரூப்பில் பெயர்கள் வந்தன. நாக்பூர் பக்கம் லாரி விபத்தில் போனவன் ஒருத்தன், மாரடைப்பில் ஒருத்தன், கொரோனாவில் ஒருத்தி. நாலாவதாக யாரோ வசந்தாமணியின் பெயரைப் போட்டார்கள். அதன்கீழே பதினேழு பேர் கும்பிடு பொம்மை போட்டார்கள். அதில் ஒன்று என்னுடையது.

அவள் சாகவில்லை என்று எனக்குத் தெரியும். இதைச் சுற்றி வளைத்துச் சொல்வதில் ஒரு பிரயோஜனமும் இல்லை. ரெண்டாயிரத்து ரெண்டில் அவள் சேலத்துப் பையன் அன்புவைக் கல்யாணம் செய்துகொண்டு போனாள். அவன் வேறு சாதி. மூன்றாம் நாள் காலையில் பஸ் ஸ்டாண்டிலும் பால் சொசைட்டி சுவரிலும் நாங்கள் படித்த பள்ளிக்கூடத்துக் காம்பவுண்டிலும் போஸ்டர் ஒட்டியிருந்தது. கண்ணீர் அஞ்சலி, அகால மரணம், பிளஸ் டூ ஹால் டிக்கெட்டுக்கு எடுத்த போட்டோ. ஒட்டியவன் அவளுடைய அண்ணன் வேலுமணி. பதினாறாம் நாள் கருமாதியும் செய்தார்கள். ஊரே போனது, நானும் போனேன். வடை பாயாசத்தோடு இலை போட்டார்கள், ரெண்டாந்தரம் பாயாசம் கேட்டு வாங்கிக் குடித்தேன். எல்லாருக்கும் விஷயம் தெரியும். தெரிந்துகொண்டே, "பாவம், நல்லாப் படிக்கிற புள்ள" என்று பேசிக்கொண்டு சாப்பிட்டோம். ஒரு பொய்யை யாரும் மறுக்காமல் இருபத்து மூன்று வருஷம் விட்டுவைத்தால் அது ஊருக்குள் வேர்விட்டுவிடும். வெளியூர் போன எங்கள் செட்டுப் பிள்ளைகள் பாதிப்பேர் அவள் நிஜமாகவே செத்துவிட்டாள் என்று நம்பினார்கள். மீதிப்பேருக்கு நம்பாமல் இருப்பதற்குச் சோம்பேறித்தனம்.

போட்டோ வேண்டுமென்று வேலுமணிக்குப் போன் செய்தேன். எதற்கு என்று கேட்டார். சொன்னேன். "அனுப்பறேன்" என்று வைத்துவிட்டார். ரெண்டு நிமிஷத்தில் அதே ஹால் டிக்கெட் போட்டோ வாட்ஸப்பில் வந்தது. நான் வெளிச்சத்தை ஏற்றி, கன்னத்தில் இருந்த பருவை எடுத்துவிட்டு, பின்னால் நீலவானம் வைத்தேன். அவள் பெயரை விட்டுவிட்டிருக்கலாம். குரூப்பில், "இந்தப் புள்ள உசுரோட இருக்குதுடா" என்று ஒரு வரி போட்டிருக்கலாம். போடவில்லை. வேலுமணி எனக்கு நிரந்தர வாடிக்கை. அதோடு, மூன்று போட்டோ மட்டும் வைத்தால் பிளக்ஸின் ஒரு பக்கம் மொட்டையாகத் தெரிந்தது. இதையும் சொல்லிவிடுகிறேன், மறைத்து என்ன ஆகப்போகிறது. நாலு வைத்ததும் பாந்தமாக அமைந்தது. காலையில் மண்டப வாசலில் கட்டி, மாலை போட்டு, வழக்கம்போல என் கடை ஸ்டேட்டஸிலும் வைத்தேன்.

வரிசை நகர்ந்து அவள் முன்னால் வந்தாள். முதல் போட்டோவுக்குப் பூப்போட்டுக் கும்பிட்டாள். ரெண்டாவதுக்குப் போட்டாள். மூன்றாவதில் கொரோனாவில் போன பெண்ணைப் பார்த்ததும், "அய்யோ, இவளா" என்று வாய்விட்டுச் சொன்னாள். கண் கலங்கியது. அப்படியே நாலாவதுக்கு நகர்ந்து, கையை நீட்டி, நின்றுவிட்டாள். பின்னால் இருந்தவர்கள், "போட்டுட்டு நகருங்க" என்றார்கள். அவள் குனிந்து கீழே இருந்த பெயரைப் படித்தாள். பிறகு நிமிர்ந்து, சுற்றி நின்ற எங்களைப் பார்த்து, "இது நானுங்க" என்றாள்.

யாருக்கும் புரியவில்லை. ஜோதிதான் முதலில் அலறினாள். மூன்று வருஷம் அவளோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவள் ஜோதி. "அடியே வசந்தா!" என்று ஓடிவந்து கட்டிக்கொண்டு, விட்டு, முகத்தைத் தடவிப் பார்த்து, மறுபடி கட்டிக்கொண்டாள். பெண்கள் கூட்டமாகச் சூழ்ந்துவிட்டார்கள். அழுகையும் சிரிப்புமாக ஒரே இரைச்சல். அதற்கு நடுவில் வசந்தாமணி என் பிளக்ஸையே பார்த்துக்கொண்டு, "ஆரு அடிச்சது இது?" என்று கேட்டாள். எல்லாரும் என்னைக் கைகாட்டினார்கள்.

"கன்னத்துல பரு இருந்துச்சே, எங்க அது?"

"எடுத்துட்டேன்" என்றேன்.

"நல்ல வேலக்காரன்தான் போ" என்று சிரித்தாள். அவள் திட்டியிருந்தால் எனக்குத் தேவலையாக இருந்திருக்கும். மாதேஷ் என் சட்டையைப் பிடித்து ஓரமாக இழுத்துப் போய், "ஏண்டா டேய், உசுரோட இருக்கறவளக் கொண்டு போயி மாலை போட்டு வெச்சிருக்கியே, அறிவிருக்குதா உனக்கு?" என்று எகிறினான். கருமாதிப் பந்தியில் எனக்கு எதிர் இலையில் உட்கார்ந்து தின்றவன் அவன்தான். அதை அவனிடம் சொல்லவில்லை. கட்டரை எடுத்து அவள் போட்டோவை மட்டும் வெட்டி எடுத்து நாலாக மடித்துக் குப்பைக்கூடையில் போட்டேன்.

பிறகு எல்லாம் ஜோராகத்தான் நடந்தது. ஒவ்வொருவராக மைக் பிடித்துப் பேர், ஊர், தொழில் சொன்னார்கள். போர் போடும் ரிக் வண்டி ஓட்டுகிறவன், கோழிப்பண்ணை வைத்திருப்பவன், குமாரபாளையத்தில் தறி போட்டிருப்பவன், பெங்களூரில் வீடு கட்டியவன். வசந்தாமணியின் முறை வந்ததும், "சேலம் சூரமங்கலத்துல இருக்கறனுங்க. அவரு ரயில்வேயில இருக்காரு. ஒரே பொண்ணு, காலேஜு படிக்குது. நான் சாவலீங்க" என்றாள். கைதட்டல் நிற்க ரெண்டு நிமிஷம் ஆனது. ஆளாளுக்கு அவளோடு செல்பி எடுத்துக்கொண்டார்கள். உயிரோடு வந்தவள் என்பதால் அன்றைக்கு அவளுக்குத்தான் மவுசு.

சாப்பாட்டுப் பந்தியில்தான் அவள் வந்த காரணத்தைச் சொன்னாள். மாதேஷ் பேஸ்புக்கில் போட்டிருந்த அழைப்பை மகளின் போனில் பார்த்தாளாம். "உங்களையெல்லாம் பாக்க வந்தேன்னு நெனச்சுக்காதீங்க. கோவிச்சுக்கவும் வேண்டாம். எங்கம்மாவ ஒருக்கா பாக்கோணும், அதுக்குத்தான் வந்தேன்" என்றாள். ஆறு மாதம் முன்னால் பஸ்ஸில் பார்த்த ஊர்க்காரம்மா ஒருத்தி, அம்மா விழுந்து இடுப்பெலும்பு முறிந்து கம்பி வண்டியைப் பிடித்துக்கொண்டு நடக்கிறாள் என்று சொல்லியிருக்கிறாள். அப்பா இறந்த சேதி இப்படித்தான், ரெண்டு மாதம் கழித்து யாரோ சொல்லிக் கிடைத்தது. அம்மாவுக்கும் அப்படி ஆகிவிடக்கூடாது என்பது அவளுடைய பயம். மகளுக்கு ரெண்டு வயதாக இருக்கும்போது குழந்தையைத் தூக்கிக்கொண்டு தனியாக ஒருமுறை போய்ப் பார்த்திருக்கிறாள். வேலுமணி கேட்டைப் பூட்டிவிட்டு உள்ளே போய்விட்டாராம். வெயிலில் ஒரு மணி நேரம் நின்றுவிட்டுத் திரும்பியிருக்கிறாள்.

"தனியாப் போனா சாத்துவான். உங்கள்ல ஒரு பத்துப் பேரு எங்கூட வந்தீங்கன்னா, நாலு பேரு முன்னால எங்கண்ணன் கேட்டச் சாத்த மாட்டான். அவனுக்கு நாலு பேரு என்ன நெனைப்பாங்கங்கறதுதான எல்லாமே? மூணு கிலோமீட்டருதான். அஞ்சு நிமிசம் பாத்துட்டு வந்தர்லாம்" என்றாள். இலையில் சோறு அப்படியே இருந்தது. வந்திருந்த நாற்பத்தாறு பேரையும் அவள் அதற்காகத்தான் எண்ணிக்கொண்டிருந்திருக்கிறாள் என்று அப்போதுதான் தெரிந்தது.

பந்தியில் திடீரென்று எல்லாருக்கும் ரசம் வேண்டியிருந்தது. ஜோதி அவள் முதுகைத் தடவிக்கொண்டே, "எங்கூட்டுக்காரரும் உங்கண்ணனும் பங்காளிக வசந்தா. நான் வந்தா ஊட்டுல பிரளயமே வந்துரும்" என்றாள். மாதேஷ், "வேலுமணியண்ணன் கெழங்கு பூராவும் நம்ம ஆலைக்குத்தான் வருது. நான் போயி நின்னா நல்லாவா இருக்கும்? பொறுமையாப் பேசி அடுத்த வருசம் ஏற்பாடு பண்ணிக்கலாம் வசந்தா" என்றான். பெங்களூர்க்காரனுக்கு ரயில் இருந்தது. ரிக் வண்டிக்காரனுக்குக் கை கழுவப் போக வேண்டியிருந்தது. ஒருவர்கூட முடியாது என்று சொல்லவில்லை. எல்லாருக்கும் ஏதோ ஒன்று இருந்தது. கால்மணி நேரம் முன்னால் இவளோடு கன்னத்தோடு கன்னம் வைத்துப் போட்டோ எடுத்தவர்கள்தான் எல்லாரும்.

"நான் வாரேன்" என்றேன். எனக்குத் திடீரென்று வீரம் வந்துவிட்டது என்று நினைக்க வேண்டாம். குப்பைக்கூடையில் மடங்கிக் கிடந்த அந்த மூஞ்சி என்னைச் சாப்பிட விடவில்லை. அவ்வளவுதான்.

என் ஆம்னி வண்டியில் போனோம். உள்ளே பிளக்ஸ் மை நாற்றத்தில் தலை கிறுகிறுக்கும். அவள் அதையெல்லாம் கவனிக்கவில்லை. கண்ணாடியைத் திருப்பித் தலை சீவிக்கொண்டாள், நெற்றிப்பொட்டைச் சரிசெய்தாள். மடியில் ஒரு துணிப்பை. "நைட்டி ரெண்டு எடுத்தாந்திருக்கேன் அங்கமுத்து. முன்னால பட்டன் வெச்சது. இடுப்பு முறிஞ்சவங்களுக்குச் சேலை கட்டறது கஷ்டம். எங்கம்மா நைட்டியெல்லாம் போடுமா என்னமோ" என்றாள். பிறகு, "போனதும் கால்ல உழுவட்டா, இல்ல மொதல்ல கையப் புடிக்கட்டா?" என்று கேட்டாள். நாற்பத்தாறு வயதுப் பெண்மணி, காலேஜ் படிக்கும் மகளுக்குத் தாய். பரீட்சைக்குப் போகிற பிள்ளையைப் போலக் கேட்டாள். "பாத்ததும் தானா வரும்" என்று சொல்லிவைத்தேன்.

தோட்டத்துக்குப் பிரியும் மண்பாதையில் கிழங்கு ஏற்றிய டிரெய்லர் குறுக்கே நின்றது. வண்டியைத் தார்ரோட்டு ஓரமாக நிறுத்திவிட்டு அரைப் பர்லாங்கு நடந்தோம். சித்திரை வெயில் மண்டையைப் பிளந்தது. கேட் திறந்தேதான் கிடந்தது. வாசலில் தகரக் கொட்டகைக்குக் கீழே அவளுடைய அம்மா வள்ளியாத்தாள் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, முன்னால் ஒரு கல்லை வைத்துக் கட்டையால் புளி தட்டிக் கொட்டை எடுத்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் கம்பி வண்டி. கொஞ்சம் தள்ளி மருந்தடிக்கும் ஸ்பிரேயரைக் கழற்றிப் போட்டுக்கொண்டு வேலுமணி உட்கார்ந்திருந்தார். வசந்தாமணி செருப்பைக் கொட்டகை ஓரத்தில் கழற்றிவிட்டு எனக்குப் பின்னால் வந்தாள்.

"வா அங்கமுத்து, என்ன இந்நேரத்துல?" என்று நிமிர்ந்தவர் அவளைப் பார்த்தார். முகத்தில் ஒன்றும் மாறவில்லை. பார்வையை மட்டும் என் பக்கம் திருப்பிக்கொண்டார். அதற்குப் பிறகு ஒருமுறைகூட அவள் பக்கம் திரும்பவில்லை.

"அண்ணா, அம்மாவ அஞ்சு நிமிசம் பாத்துட்டுப் போயிருவாங்கண்ணா" என்றேன்.

"எதுக்கு? இவிய ஆரு?"

"உங்களுக்குத் தெரியாதுங்களாண்ணா?"

"எங்கூட்டுல ஒரு பொண்ணு இருந்துச்சு. செத்துப்போச்சு. எங்கிட்டப் போட்டோ வாங்கி மாலை போட்டு வெச்சது நீதான? காத்தால ஸ்டேட்டஸ்ல பாத்தனே, நல்லா அடிச்சிருந்த."

இந்த வீட்டில் அவள் செத்தவள் என்பதற்கு நானே நாலடிக்கு ஆறடியில் சாட்சி அடித்துக் கட்டியிருக்கிறேன். புளி தட்டும் சத்தம் நின்றது.

வள்ளியாத்தாள் மகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கண்டுகொண்டாள். அதில் எனக்கு எந்தச் சந்தேகமும் இல்லை. வாய் திறந்தது, கழுத்து நரம்பு எழும்பியது, கையிலிருந்த கட்டை நழுவி மடியில் விழுந்தது. பிறகு மகனைப் பார்த்தாள். அவர் ஸ்பிரேயர் மூடியைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். கிழவி வாயை மூடினாள். குனிந்து கட்டையை எடுத்துக்கொண்டாள்.

"வாங்க, உக்காருங்க. வெயில்ல வந்திருக்கீங்க" என்றாள். உள்ளே பார்த்து மருமகளிடம், "அம்மிணி, விருந்தாடி வந்திருக்காங்க, தண்ணி கொண்டா" என்றாள்.

"அம்மா, நாந்தான்..." என்று வசந்தாமணி தொடங்கினாள்.

"எந்தூருங்க உங்களுக்கு?" கிழவி சட்டென்று குறுக்கே கேட்டாள்.

வசந்தாமணி என்னைப் பார்த்தாள். அண்ணனின் முதுகைப் பார்த்தாள். அவளுக்கு விளங்க ஒரு நொடிதான் ஆனது. மருமகள் கொண்டுவந்து வைத்த ஸ்டூலில் மெல்ல உட்கார்ந்தாள். "சேலமுங்க. சூரமங்கலம்" என்றாள்.

"ஊட்டுக்காரரு என்ன பண்றாருங்க?"

"ரயில்வேயில இருக்காருங்க."

"தண்ணி கிண்ணி போடுவாருங்களா?"

"இல்லீங்க."

"கை நீட்டுவாருங்களா?"

"ஒருநாளும் இல்லீங்க."

"அது போதுங்க" என்று ஒரு புளியை எடுத்துத் தட்டினாள். கொட்டை தெறித்து என் காலடியில் விழுந்தது. "மக்க எத்தனைங்க?"

"ஒரே பொண்ணுங்க. காலேஜு ரெண்டாம் வருசம். கனிஷ்கான்னு பேருங்க."

"கனி... கனிச்சா." கிழவி உதட்டுக்குள் ரெண்டு முறை சொல்லிப் பார்த்தாள். "என்ன பேருங்க அது, வாய்க்குள்ள நொழைய மாட்டேங்குது. ஆரு சாடைங்க?"

வசந்தாமணி சேலை முந்தியை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்தாள். "எங்கம்மா சாடைங்க" என்றாள்.

"பாவம் அந்தப் புள்ள. மூக்கு சப்பையாட்ட இருக்குமே" என்றாள் கிழவி. வசந்தாமணி சிரித்துவிட்டாள். கிழவியின் வாயோரமும் கொஞ்சம் இழுத்தது. அந்த ஒரு நிமிஷம், கடவுளே, எல்லாம் சரியாகிவிடும்போல இருந்தது எனக்கு. வசந்தாமணி அவசர அவசரமாகப் போனை எடுத்து மகளின் போட்டோவைத் திறந்து நீட்டினாள். கிழவி புளி ஒட்டிய கையைச் சேலையில் துடைத்துவிட்டு வாங்கப் போனாள்.

"அம்மா" என்றார் வேலுமணி. ஒரே ஒரு சொல், திரும்பிக்கூடப் பார்க்காமல்.

நீட்டிய கை நின்றது. "கண்ணாடி இல்லாம எனக்குத் தெரியாதுங்க. வேண்டாம், வெச்சுக்கோங்க" என்றாள். கண்ணாடி அவள் மடியில்தான் கிடந்தது. அதன்மேல் கையை வைத்து மூடிக்கொண்டாள். துணிப்பையை நீட்டியபோதும், "எனக்கெதுக்குங்க அதெல்லாம். உங்கூட்டுல பெரியவங்க இருந்தாக் குடுங்க" என்று சொல்லிவிட்டாள். சொல்லும்போதே பைக்குள் தெரிந்த பூத்துணியின் ஓரத்தை ரெண்டு விரலால் தேய்த்துப் பார்த்துக்கொண்டாள்.

மருமகள் கொண்டுவந்த தண்ணீரை வசந்தாமணி ஒரு வாய் குடித்துவிட்டுக் கீழே வைத்தாள். "நான் இன்னொருக்கா வரட்டுங்களா?" என்று கேட்டாள்.

கிழவி புளியைத் தட்டுவதை நிறுத்தவில்லை. "வேண்டாங்க. நான் பையன் கையப் பாத்துச் சோறு திங்கறவ. எனக்கும் ஒரு பொண்ணு இருந்துச்சுங்க. அதுக்கு ஒருவாட்டி அழுது முடிச்சுட்டேன். மறுபடியும் மொதல்ல இருந்து அழுவறதுக்கு எனக்குத் தெம்பு இல்லீங்க" என்றாள்.

வசந்தாமணி எழுந்தாள். யாரிடமும் எதுவும் சொல்லாமல் விறுவிறுவென்று கேட்டைத் தாண்டிப் போனாள். நான் வேலுமணியைப் பார்த்து, "வாரேங்கண்ணா" என்றேன். அந்த நேரத்திலும் மரியாதை விட்டுப்போகவில்லை எனக்கு, என்ன சென்மமோ.

அவளை எட்டிப் பிடிக்க முடியவில்லை. நான் போய்ச் சேரும்போது ஆம்னியில் ஏறி உட்கார்ந்திருந்தாள். பை மடியில் இருந்தது. நானும் ஏறி உட்கார்ந்தேன். "எப்பிடியோ பேசிட்டாங்கல்ல வசந்தா. அதே பெருசு" என்றேன்.

"ஆருகிட்டப் பேசுச்சு?" என்றாள். "சேலத்துல இருந்து வந்த ஒரு பொம்பளகிட்டப் பேசுச்சு. எங்கிட்டப் பேசல."

வண்டியை எடுக்கலாம் என்று சாவியைப் போடும்போதுதான் கீழே பார்த்தேன். வெறுங்கால். மண்ணும் தாருமாக அப்பியிருந்தது, பாதத்தின் ஓரங்கள் சிவந்து கிடந்தன. அரைப் பர்லாங்கு அந்தக் கொதிக்கிற மண்ணில் நடந்து வந்தது அவளுக்கே தெரியவில்லை. "செருப்ப அங்கயே உட்டுட்டேன்" என்றாள், வேறு யாருடைய செருப்பையோ சொல்வதுபோல. "கெடந்துட்டுப் போவுது, உடு" என்றாள். நான் இறங்கித் திரும்ப நடந்தேன்.

செருப்பைத் தேட வேண்டியிருக்கவில்லை. கேட்டுக்கு வெளியே மண்ணில் கிடந்தது, ஒன்று நிமிர்ந்தும் ஒன்று குப்புறவும். யாரோ உள்ளே இருந்து வீசியிருக்கிறார்கள். கொட்டகையில் நாற்காலி இல்லை, புளி அப்படியே பரந்து கிடந்தது. வேலுமணி ஸ்பிரேயரை மாட்டிக்கொண்டிருந்தார். மருமகள் வாளியைத் தூக்கிக்கொண்டு வீட்டைச் சுற்றிப் போனவள் என்னைப் பார்த்ததும் கேட்டருகே வந்து, "அத்தை தலைக்கு ஊத்திட்டுத்தான் உள்ள வரோணும்னு சொல்லிட்டாருங்க" என்று காதோடு சொல்லிவிட்டு நகர்ந்தாள்.

வீட்டுக்குப் பக்கவாட்டில் தண்ணீர்த் தொட்டி ஓரம் அந்தப் பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டுக் கிழவியை உட்காரவைத்திருந்தார்கள். கட்டிய சேலையோடு நனைந்துகொண்டிருந்தாள். நரைமுடி அவிழ்ந்து முகத்தில் ஒட்டியிருந்தது. தொட்டியிலிருந்து அவளே போசியில் மொண்டு தலையில் ஊற்றிக்கொண்டாள். பாதி தோளிலேயே வழிந்துபோனது. கேட்டுக்கு வெளியே நான் குனிந்து செருப்பை எடுப்பதைப் பார்த்துவிட்டாள்.

"ஏஞ்சாமி" என்று சத்தமாகக் கூப்பிட்டாள். "அந்தம்மா வண்டியில ஏறிட்டாங்களா?"

"ஏறிட்டாங்கம்மா."

"காலு பொத்துப் போயிருக்கும். வெரசா கொண்டு போயிக் குடு சாமி."

சொல்லிவிட்டு, தொட்டிக்குள் கையை விட்டு மொண்டு, அடுத்த போசித் தண்ணீரைத் தலையில் கவிழ்த்துக்கொண்டாள்.